முதலீட்டு வங்கி வேலைக்கு எந்தப் பட்டப்படிப்பு? குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

“எனக்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் போகணும்” என்று பிளஸ் டூ பிள்ளை வீட்டில் வாய் திறந்தால், பக்கத்தில் இருக்கிற சித்தப்பா சொல்வது அநேகமாக இதுதான்: “பேங்கு வேலைதான மக்களே, ஏதாவது ஒரு டிகிரிய முடிச்சிட்டு ஐ.பி.பி.எஸ். எழுதினா போராதா?” இந்தியன் வங்கியிலோ கனரா வங்கியிலோ வேலைக்குச் சேர அவர் சொல்வது சரியான வழி. பிள்ளை கேட்கிற வேலைக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு.

இந்தக் கட்டுரை பிளஸ் ஒன் சேரப் போகிறவர்களுக்கும், கல்லூரி விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தைப் போடுவது என்று முழிக்கிறவர்களுக்கும், அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கென்று எழுதிவைத்த ஒரே மேஜர், அதாவது பட்டப்படிப்பின் முதன்மைப் பாடம், கிடையாது. நம் பக்கத்துக் கல்லூரியில் பட்டம் வாங்கிய கையோடு நேரே உள்ளே போவது அரிது. அதன்மேல் சி.ஏ. அல்லது பெரிய இடத்து எம்.பி.ஏ. என்று இரண்டாவது வாசல் ஒன்றைத் தாண்ட வேண்டும். ஆகவே இரண்டாவது வாசலை முதலில் தீர்மானியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்து பட்டப்படிப்பைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. மார்க் என்ன, எந்தக் காலேஜில் சீட் கிடைக்கும், பஸ் வசதி உண்டா என்று பார்த்துச் சேர்ந்துவிட்டு, மூன்றாம் வருடம்தான் ‘அடுத்து என்ன’ என்று யோசிக்கிறோம்.

முதலில், அது என்ன வேலை?

முதலீட்டு வங்கி டெபாசிட் வாங்காது, நகைக்கடன் கொடுக்காது. ஒரு கம்பெனி பங்குச் சந்தைக்கு வர வேண்டும், இன்னொரு கம்பெனியை விலைக்கு வாங்க வேண்டும், தன்னையே விற்க வேண்டும், அல்லது பல நூறு கோடி கடன் பத்திரம் வெளியிட வேண்டும் என்றால், நடுவில் நின்று விலை மதிப்பிட்டு, ஆவணம் தயாரித்து, பணம் போடுகிறவரைத் தேடிப் பிடித்து, அதற்குக் கட்டணம் வாங்குகிறவர்கள்தான் இன்வெஸ்ட்மென்ட் பேங்கர்கள். இந்தியச் சட்டத்தில் இவர்களுக்கு மெர்ச்சன்ட் பேங்கர் என்று பெயர். 1992-இல் வந்த விதிமுறைகளின்படி பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியிடம் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய முடியும்.

பக்கத்து உதாரணம் ஒன்று. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 1.584 கோடிப் புதிய பங்குகள், பங்கு ஒன்று 510 ரூபாய், மொத்தம் சுமார் 808 கோடி ரூபாய். வங்கி பழையது, நம் மாவட்டத்திலும் தெரிந்த பெயர். ஆனாலும் வெளியீட்டை அது தானே நடத்த முடியாது. ஆக்சிஸ் கேப்பிட்டல், மோதிலால் ஓஸ்வால் இன்வெஸ்ட்மென்ட் அட்வைசர்ஸ், எஸ்.பி.ஐ. கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் என்ற மூன்று நிறுவனங்கள் அதை நடத்திக் கொடுத்தன. பங்கு உரிமை பற்றிப் பல வருடங்களாக இழுத்துக்கொண்டிருந்த வழக்குகளை எப்படி ஆவணத்தில் சொல்வது, 500 முதல் 525 என்ற விலை வரம்பை எந்தக் கணக்கில் வைப்பது, எந்த மியூச்சுவல் ஃபண்டிடம் போய்ப் பேசுவது என்பதெல்லாம் இப்படிப்பட்ட நிறுவனங்களின் வேலை. இதில் கடைசி வரிசையில் உட்கார்ந்து இரவு இரண்டு மணிக்கு எக்செல் கோப்பைத் திருத்துகிறவருக்கு அனலிஸ்ட் என்று பெயர். நீங்கள் தொடங்கப் போவது அந்த நாற்காலியில்தான். வாரம் 80 மணி நேரம் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். சம்பளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இதையும் கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

விளம்பரத்தில் வருவது வேறு

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். ‘மூன்று மாதத்தில் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் கோர்ஸ், வேலை உறுதி’ என்று வருகிற விளம்பரங்களில் பெரும்பாலானவை சொல்வது ஆபரேஷன்ஸ் வேலையை. கோல்ட்மேன் சாக்ஸ், ஜே.பி. மார்கன், பி.என்.ஒய்., பார்க்லேஸ் போன்ற நிறுவனங்கள் பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை என்று பெரிய அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. அங்கே பங்கு வர்த்தகத்தைச் சரிபார்த்து முடிப்பது, வாடிக்கையாளர் ஆவணங்களைப் பரிசோதிப்பது, நிதிகளின் தினசரி மதிப்பைக் கணக்கிடுவது என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். நல்ல வேலை, ஏ.சி. அறை, மாதச் சம்பளம், குடும்பம் நிமிரும். குறை ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் அது முதலீட்டு வங்கிக்குள் இருக்கிற வேலை. முதலீட்டு வங்கியாளர் வேலை அல்ல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எளிதல்ல. உங்களுக்கு வேண்டியது ஆபரேஷன்ஸ் வேலை என்றால் நல்ல மதிப்பெண்ணோடு ஒரு பி.காம்., தடங்கல் இல்லாத ஆங்கிலம், கைவந்த எக்செல் போதும். லட்ச ரூபாய் கோர்ஸ் தேவையில்லை. கோர்ஸ் விற்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “போன பேட்ச் பிள்ளைகளின் ஆஃபர் லெட்டரில் பதவியின் பெயர் என்ன?” பதிலில் ‘ஆபரேஷன்ஸ்’, ‘கே.ஒய்.சி.’, ‘செட்டில்மென்ட்’ என்று வந்தால் எந்த வேலை என்று தெரிந்துவிடும்.

இனி வருவதெல்லாம் பேங்கர் நாற்காலிக்கான வழி.

படி 1: பிளஸ் ஒன் குரூப்

கணக்கில் நல்ல மார்க் எடுக்கிற பிள்ளை என்றால் ஃபர்ஸ்ட் குரூப், மற்றவர்களுக்கு காமர்ஸ் என்று நம் பள்ளிகளில் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. இந்த வேலைக்கு அது பொருந்தாது. கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியலோடு வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த காமர்ஸ் குரூப் இருந்தால் அதை எடுக்கத் தயங்க வேண்டாம். கணிதமே இல்லாத காமர்ஸ் குரூப்பில் மட்டும் சேராதீர்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஹானர்ஸ் படிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் வேண்டும் என்பது ஒரு காரணம், ஐ.ஐ.எம். என்கிற மத்திய மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான கேட், பிளஸ் டூ முடித்ததும் சேர்வதற்கான ஐ.பி.எம். ஆகிய தேர்வுகளில் பாதி உயிர் கணிதத்தில் இருப்பது இன்னொரு காரணம். வணிகக் கணிதத்தைக் கணிதமாக ஏற்பார்களா என்பதை நீங்கள் குறிவைக்கிற கல்லூரியின் அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிடுங்கள்.

ஃபர்ஸ்ட் குரூப் ஏற்கெனவே எடுத்தாயிற்றா? கவலை வேண்டாம். கணிதம் கையில் இருக்கிறது. கணக்குப்பதிவியலைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். கணிதத்தைப் பிறகு கற்றுக்கொள்வதுதான் கஷ்டம்.

படி 2: இரண்டாவது வாசல் எது?

மூன்று உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, நேரடி வாசல். பட்டம் முடித்ததும் அனலிஸ்ட். இது டெல்லி ஸ்ரீராம் காலேஜ் ஆஃப் காமர்ஸ், ஷஹீத் சுக்தேவ் காலேஜ் ஆஃப் பிசினஸ் ஸ்டடீஸ், ஐ.ஐ.டி.கள் போன்ற இடங்களில் படித்த சிலருக்குத் திறக்கிறது. நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து எடுக்கிற இடங்கள் இவை. இங்கே நுழைவது மேஜரால் அல்ல, கல்லூரியின் பெயரால்.

இரண்டாவது, எம்.பி.ஏ. அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐ.ஐ.எம்.கள், டெல்லி எஃப்.எம்.எஸ்., மும்பை ஜம்னாலால் பஜாஜ், எஸ்.பி. ஜெயின் போன்ற ஒரு கைப்பிடி நிறுவனங்கள். ‘எம்.பி.ஏ. நிதி’ என்று போட்ட எல்லாப் படிப்பும் இதில் சேராது. உள்ளூர் எம்.பி.ஏ.வை நம்பி இரண்டு வருடம் போட்டால், வெளியே வரும்போது கிடைப்பது பெரும்பாலும் வங்கியில் கடன் விற்கிற வேலை. கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டியது.

மூன்றாவது, சி.ஏ. என்னைக் கேட்டால் குமரி மாவட்டத்து நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதுதான் முதலில் பார்க்க வேண்டிய வாசல். கல்விக்கட்டணம் எம்.பி.ஏ.வோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. ஃபவுண்டேஷனில் நான்கு தாள், இன்டர்மீடியட்டில் ஆறு, ஃபைனலில் ஆறு. நடுவில் ஆர்ட்டிகிள்ஷிப் என்று ஆடிட்டரிடம் இரண்டு வருடப் பயிற்சி; முன்பு மூன்று வருடமாக இருந்ததைப் புதிய திட்டத்தில் குறைத்திருக்கிறார்கள். தேர்வுகளும் இப்போது வருடத்துக்கு மூன்று தடவை நடக்கின்றன. எளிது என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஃபைனலில் இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறாத தேர்வுகள்தான் சமீப காலத்தில் நடந்திருக்கின்றன.

சி.ஏ. முடித்தவர்கள் எல்லோரும் பேங்கர் ஆவதில்லை; ஆடிட்டர் ஆகிறவர்களே அதிகம். எங்கே ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறீர்கள் என்பது இங்கே பாதி தீர்மானம். நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்தால் ஜி.எஸ்.டி., வருமான வரி, கூட்டுறவுச் சங்கக் கணக்கு என்று அடித்தளம் பலமாகும். ஆனால் கம்பெனி விலை மதிப்பீடு, வாங்கல் விற்றலுக்கு முன் நடக்கிற சோதனை ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமானால் சென்னை, பெங்களூரு, கொச்சி, மும்பை என்று பெரிய நிறுவனத்துக்குப் போக வேண்டும். கடைசி வருடத்தில் தொழில் நிறுவனத்திலேயே பயிற்சி எடுக்கிற வசதி ஒன்றும் உண்டு. நிதி நிறுவனங்களும் அப்படிப் பிள்ளைகளை எடுக்கின்றன. அதைக் குறிவையுங்கள்.

நிதிப் பகுப்பாய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. என்ற தகுதியைப் பற்றிக் கேட்பார்கள். மூன்று கட்டத் தேர்வு, உலகம் முழுக்க மதிப்பு, ஒரு கட்டத்துக்கே லட்ச ரூபாயை ஒட்டிச் செலவு. பட்டம் முடிய இரண்டு வருடத்துக்குள் இருக்கும்போதே முதல் கட்டம் எழுதலாம். பங்கு ஆய்வுக்கு நல்ல துணை. தனியாக வாசலைத் திறக்காது.

படி 3: இப்போது மேஜர்

பி.காம்.: சி.ஏ. வாசலைத் தேர்ந்தெடுத்தவருக்கு இதுதான். நிதிக் கணக்கியல், நிறுவனக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், வருமான வரி, கம்பெனிச் சட்டம் என்று சி.ஏ. பாடத்தோடு பாதி ஒட்டியே போகும். கல்லூரி தேர்வுக்குப் படிப்பதும் சி.ஏ.வுக்குப் படிப்பதும் ஒரே உழைப்பில் நடக்கும். குறை, கணிதம் குறைவு. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ், புரொபஷனல் அக்கவுண்டிங் என்று வால் சேர்ந்த பி.காம்.களும் உண்டு. வால் எது என்பதில் நேரம் செலவழிக்காதீர்கள். வகுப்பில் உண்மையிலேயே கணக்குப் போட வைக்கிற ஆசிரியர் இருக்கிறாரா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். கம்பெனிகளின் மதிப்பை அளப்பதில் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிற நியூயார்க் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன் சென்னை லயோலாவில் பி.காம். படித்துவிட்டு பெங்களூரு ஐ.ஐ.எம். போனவர்தான். பி.காம். என்றால் இளக்காரமாகப் பார்க்கிற உறவினரிடம் இதைச் சொல்லலாம்.

பி.எஸ்சி. கணிதம் அல்லது புள்ளியியல்: எம்.பி.ஏ. வாசலுக்கு நம் மாவட்டத்திலிருந்து நான் கூடுதலாகப் பரிந்துரைப்பது இது. குமரியில் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் பி.எஸ்சி. கணிதம் எடுத்து, அதன்பின் பி.எட்., ஆசிரியர் தேர்வு என்று ஒரே தண்டவாளத்தில் போய்விடுகிறார்கள். அதே பட்டத்தோடு கேட் எழுதினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பல ஐ.ஐ.எம்.கள் முதல்கட்டத் தேர்வில் பொறியியல் அல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும் எடை உண்டு. மூன்றிலும் 90-ஐ ஒட்டி வைத்திருக்கிற கணிதப் பட்டதாரிப் பெண்ணுக்கு இது உண்மையான சாதகம். கணக்குப்பதிவியல் மட்டும் தனியே படித்துக்கொள்ள வேண்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடநூல்களிலிருந்தே தொடங்கலாம், அவை இணையத்தில் இலவசம்.

பி.ஏ. பொருளியல்: கல்லூரியைப் பொறுத்துப் பாடமே மாறிவிடும். டெல்லியில் இதே பெயரில் நடப்பது பாதி கணிதம். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் கட்டுரை எழுதுகிற பாடம். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கணிதப் பொருளியல், புள்ளியியல், பொருளாதார அளவியல் என்று குறைந்தது மூன்று தாள் இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் வேறு பார்க்கலாம்.

பி.பி.ஏ.: எதையும் ஆழமாகத் தொடாத படிப்பு என்பது என் அபிப்பிராயம். சுக்தேவ் கல்லூரியின் நிதி முதலீட்டுப் பகுப்பாய்வு பி.பி.ஏ. போல ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு.

பொறியியல்: நம் மாவட்டத்தில் கைக்கெட்டிய தூரத்தில் பொறியியல் கல்லூரிகள் இருப்பதால் வீட்டில் முதலில் வருகிற யோசனை இதுதான். ஐ.ஐ.எம். வகுப்புகளில் பொறியாளர்கள் நிறைய என்பது உண்மை. அதற்காக, பேங்கர் ஆகவே விரும்புகிற பிள்ளை நான்கு வருடம் பிடிக்காத சிவில், மெக்கானிக்கல் படிப்பது வீண். ஐ.ஐ.எம். நேர்காணலில் முதல் பத்து நிமிடம் உங்கள் பட்டப்படிப்புப் பாடத்தில்தான் கேள்வி வரும். அரியர் வைத்துத் தேறிய பாடத்தை அங்கே எப்படிப் பேசுவீர்கள்? கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் வேறு கதை. முதலீட்டு வங்கிகளே பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் மென்பொருள் பொறியாளர்களை நிறைய எடுக்கின்றன. அதுவும் பேங்கர் நாற்காலி அல்ல, ஆனால் சம்பளத்தில் குறைந்ததல்ல.

சட்டம்: ஐந்து வருடச் சட்டப்படிப்பு முடித்து, பங்கு வெளியீட்டு ஆவணங்கள் தயாரிக்கிற சட்ட நிறுவனங்களுக்குப் போகலாம். அதே டீலில், மேசையின் மறுபக்கம்.

படி 4: இங்கேயா, வெளியிலா?

டெல்லிக்குப் போக க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ மதிப்பெண்ணைவிட அதில் எடுப்பதுதான் பேசும். இந்தூர் ஐ.ஐ.எம்.மின் ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பு 2011 முதல் நடக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் நேரே ஐ.ஐ.எம்.முக்குள் போகிற வழி அது, கட்டணம்தான் கண்ணைக் கட்டும். சென்னையில் லயோலா, கிறித்துவக் கல்லூரி போன்றவற்றில் சீட் கிடைத்தால் நகரத்தில் இருப்பதே ஒரு பலன். இன்டர்ன்ஷிப் கேட்டு நடக்க அலுவலகங்கள் இருக்கின்றன.

வீட்டை விட்டு அனுப்ப முடியாத நிலைமை பல வீடுகளில் உண்டு. அப்போது நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா என்று இருக்கிறவற்றில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பட்டம் சி.ஏ.வுக்கும் கேட்டுக்கும் எந்தக் குறையும் இல்லாதது. வளாக நேர்காணலுக்கு முதலீட்டு வங்கி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பஸ்ஸில் தினமும் மூன்று மணி நேரம் போகிற ‘பெரிய’ கல்லூரியைவிட, அரை மணி நேரத்தில் போய் வருகிற சாதாரணக் கல்லூரியும் மிச்ச நேரத்தில் சி.ஏ. படிப்பும் மேல்.

திருவனந்தபுரத்தை மறந்துவிடுகிறோம். நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. டெக்னோபார்க்கில் அலியான்ஸ் போன்ற நிதி நிறுவனங்களின் அலுவலகங்கள் இருக்கின்றன, ஈ.ஒய். நிறுவனமும் நகரத்தில் பெரிதாக இயங்குகிறது. களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னையைவிட இதுதான் ஊர். மலையாளம் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு இங்கே முதலில் முயன்று பார்க்கலாம்.

படி 5: மூன்று வருடத்தில் செய்ய வேண்டியது

மேஜர் தேர்வைவிட முக்கியம் இது என்பேன்.

முதல் வருடம் முழுக்க ஒரே ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையோடு வாழுங்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கத்துப் பிள்ளைகள் எம்.ஆர்.எஃப். எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் ரப்பர் ஷீட் விலை ஏறினால் சந்தோஷம். டயர் கம்பெனிக்கு அது மூலப்பொருள் செலவு. ஒரே விலை உங்கள் வீட்டுக் கணக்கில் வரவு, அவர்கள் கணக்கில் பற்று. ரப்பர் விலை பத்து சதவீதம் ஏறினால், டயர் விலையை ஏற்ற முடியாவிட்டால், அந்த வருட லாபம் எவ்வளவு குறையும்? ஆண்டறிக்கையில் மூலப்பொருள் செலவு எவ்வளவு என்று பார்த்து எக்செல்லில் போட்டுப் பாருங்கள். இதுதான் நிதி மாதிரி என்று அவர்கள் பெரிய பெயரில் சொல்வதன் முதல் பாடம்.

அதே கம்பெனியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2023 ஜூன் 13-இல் எம்.ஆர்.எஃப். பங்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. ‘இந்தியாவிலேயே விலை கூடிய கம்பெனி’ என்று டீக்கடை வரை பேச்சு. மொத்தப் பங்குகள் வெறும் 42.41 லட்சம். பெருக்கினால் சுமார் 42,400 கோடி ரூபாய். பங்கு விலை ஆயிரத்துச் சொச்சமே இருக்கிற பல வங்கிகளின் மொத்த மதிப்பு இதைவிடப் பல மடங்கு. பங்கு விலை வேறு, கம்பெனியின் மதிப்பு வேறு என்பது இந்த ஒரு பெருக்கலில் புரிந்துவிடும். நேர்காணலில் இதைத் தடுமாறாமல் விளக்குகிற பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்ற கேள்வி கொஞ்சம் பின்னுக்குப் போகும்.

கடலோர ஊர்க்காரர்கள் இறால் ஏற்றுமதிக் கம்பெனியையும், ஆரல்வாய்மொழி முப்பந்தல் பக்கத்தவர்கள் காற்றாலைக் கம்பெனியையும் எடுத்துக்கொள்ளலாம். கண்ணால் பார்த்த தொழிலின் கணக்கு சீக்கிரம் புரியும்.

இரண்டாம் வருடம் செபி தளத்துக்குப் போய், பங்குச் சந்தைக்கு வரப்போகிற ஏதாவது ஒரு கம்பெனியின் வரைவு ஆவணத்தை இறக்குங்கள். நானூறு ஐந்நூறு பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். ‘ரிஸ்க் ஃபாக்டர்ஸ்’, ‘ஆப்ஜெக்ட்ஸ் ஆஃப் தி ஆஃபர்’, ‘பேசிஸ் ஃபார் ஆஃபர் பிரைஸ்’ என்ற மூன்று பகுதியை மட்டும் படியுங்கள். பணம் எதற்கு வாங்குகிறார்கள், புதிய பங்கா அல்லது பழைய முதலாளி கழன்றுகொள்கிறாரா, விலையை எந்தக் கம்பெனியோடு ஒப்பிட்டு வைக்கிறார்கள் என்று ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தொழிலும் ஆங்கிலமும் சேர்ந்து பழகும். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் போவது குறைவு. கூட்டத்தில் ஆங்கிலம் பேச நா எழாமல் வாய்ப்பு போவதுதான் அதிகம். இரண்டு நண்பர்கள் சேர்ந்துகொண்டு தினம் பத்து நிமிடம் பிசினஸ்லைன் செய்தி ஒன்றை ஆங்கிலத்திலேயே விவாதியுங்கள். முதல் மாதம் சிரிப்பாக இருக்கும்.

தாமோதரனின் மதிப்பீட்டு வகுப்புகள் முழுக்க அவருடைய தளத்தில் இலவசம். செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்துகிற தேர்வுகளில் ‘சீரிஸ் 9’ என்பது மெர்ச்சன்ட் பேங்கிங் பற்றியது. அதன் பாடநூலையும் காசில்லாமல் இறக்கலாம், தேர்வுக் கட்டணமும் சில ஆயிரத்துக்குள். ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டத்தை உள்ளூர்ப் பட்டத்தோடு சேர்த்தே படிக்கவும் வழி இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது. ஆனால் சி.ஏ., இரண்டு பட்டம், கேட் என்று மூன்றையும் தலையில் ஏற்றினால் எதுவும் முடியாது. ஒன்றை விடுங்கள்.

மூன்றாம் வருடம் வாசலுக்கு நேரே நிற்கிற காலம். சி.ஏ.க்காரர்கள் இதற்குள் இன்டர்மீடியட் முடித்திருந்தால் பட்டம் வாங்கியதும் ஆர்ட்டிகிள்ஷிப்புக்குக் கிளம்பலாம். திட்டப்படி நடந்தால் 23 வயதை ஒட்டி ஃபைனல். கேட் எழுதுகிறவர்களுக்கு முதல் தடவையே கிடைத்தால் அதிர்ஷ்டம். வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டாம், மூன்றாம் தடவை எழுதுகிறவர்கள் ஏராளம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 6: பணமும் சான்றிதழும்

பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்துக்கு மேல். கேட்டதும் வீட்டில் நிலத்தை விற்கப் பேச்சு எழும். தேவையில்லை. இத்தகைய நிறுவனங்களுக்கு அடமானம் இல்லாமலே வங்கிகள் கல்விக்கடன் தருகின்றன. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு மூன்று சதவீத வட்டி மானியமும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. தேர்வுக் கட்டணங்களுக்கு அதை ஒதுக்கினால் வீட்டில் கைநீட்ட வேண்டாம்.

சான்றிதழ் விஷயத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள். பள்ளியில் கொடுத்த பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் ஐ.ஐ.எம்.மிலும் டெல்லியிலும் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாத ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள். அந்தந்த நிதியாண்டுக்கான சான்றிதழைத்தான் கேட்பார்கள். ஐ.ஐ.எம்.களில் ஓ.பி.சி.க்கு 27 சதவீத இடம் என்பது சிறிய விஷயம் அல்ல.

இரண்டாவது வாசல் திறக்காவிட்டால்?

பாதியில் நின்றாலும் இந்தப் படிப்பு வீணாகாது. கிரிசில், இக்ரா போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்கள், வங்கிகளின் தொழில்கடன் பிரிவு, கம்பெனிகளின் நிதித்துறை, பங்கு ஆய்வு என்று அதே திறனைக் கேட்கிற இடங்கள் பல. பட்டத்தில் 60 சதவீதம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் கிரேடு பி தேர்வு எழுதலாம். சித்தப்பா சொன்ன ஐ.பி.பி.எஸ்.ஸும் இருக்கத்தான் செய்கிறது, அதை ஏன் வெறுக்க வேண்டும்?

எப்போது எதற்கு விண்ணப்பிப்பது

க்யூட், ஐ.பி.எம். தேர்வுகளுக்கு விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்போ அதை ஒட்டியோ தொடங்கி, ரிசல்ட் வருவதற்கு முன்பே முடிந்துவிடும். மே மாதம் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினால் டெல்லியும் இந்தூரும் அந்த வருடம் போயிற்று. ஜனவரி முதலே அறிவிப்புகளைப் பாருங்கள். சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குத் தேர்வு மாதத்துக்கு நான்கு மாதம் முன்பு பதிவு முடிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே பதிவு செய்துவிட்டால் செப்டம்பர் தேர்வுக்கு உட்காரலாம். தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளுக்கு மே மாதம் இணையத்தில் விண்ணப்பம். சுயநிதிப் பிரிவுகளுக்கு அந்தந்தக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பரில், தேர்வு நவம்பர் கடைசியில். ஓ.பி.சி. சான்றிதழை ஏப்ரலுக்குப் பிறகு, அவசரம் வருவதற்கு முன்பே, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.